இருபது டிகிரி வளைவு

அந்த வீட்டில் படம் எடுப்பவர் ஒருவர், படம் வரைபவர் ஒருவர். மைத்துனர் வரும்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் இதை வைத்து ஒரு கேலியை அவிழ்த்துவிடுவார்.

"மாமா எடுக்குற படத்துல ஆள் தெரியாது, எலும்பு தெரியும். அக்கா வரையுற படத்துல ஆளும் தெரியாது, எலும்பும் தெரியாது. ஆனாலும் ஊர்ல நாலு பேரு ரெண்டையும் நின்னு பாக்குறாங்க பாருங்க, அதுதான் அதிசயம்!"

எக்ஸ்ரேக்காரர் சிரித்துவைப்பார். கேலியின் முதல் பாதி அவருக்கு உள்ளுக்குள் இனிக்கவும் செய்யும். ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர் அவர். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முகம் பிடிபடாது. நாலடி நடக்கவிட்டுப் பார்த்தால், 'அட, போன வருஷத்து இடது இடுப்பு' என்று நினைவு வந்துவிடும். மனிதர்கள் முகத்தால் பொய் சொல்லலாம், எலும்பால் சொல்ல முடியாது என்பது அவருடைய கட்சி.

மனைவியின் தொழில் எங்கோ எதிர்த் திசையில் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அடுத்த வீடுதான். அவள் முதலில் துணித்திரையில் ஒரு முழு மனிதரைக் கரியால் வரைவாள்: காது, முழங்கை, சட்டை மடிப்பு உட்பட. பிறகு அதன்மேல் வெளிறிய வண்ணம் பூசுவாள். காய்ந்ததும் தகட்டுக் கத்தியால் சுரண்டுவாள். மறுபடி வரைவாள், மறுபடி மூடுவாள். ஏழெட்டு முறை இப்படி நடந்தபின் காதும் முழங்கையும் மறைந்து, நாலைந்து கோடுகளும் இரண்டு சாம்பல் பரப்புகளும் மிஞ்சும். மரமென்றால் மரம், ஆறென்றால் ஆறு. "ஆளை எடுத்துட்டேன். ஆள் இருந்த விதம் மட்டும் மிச்சம்," என்பாள்.

யாரை வரைகிறாள் என்று சொல்லமாட்டாள். சொன்னால் பார்ப்பவர்கள் மூக்கைத் தேடுவார்களாம்.

பின்னறையில்தான் வேலை. விடுமுறை நாள்களில் எக்ஸ்ரேக்காரரும் அங்கேயே ஜன்னலோர மேசையில் செய்தித்தாளின் எண்கட்டப் புதிரைப் போட்டுக்கொண்டிருப்பார். அவள் கூப்பிடும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவளுக்குக் கை ஓடாது. அப்படியோர் ஒப்பந்தம் இருவருக்கும். பத்து வருடமாக அதை மீறாத பெருமையும் அவருக்கு உண்டு.

அந்த வீட்டுக்குள் சந்தேகம் நுழைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காரணம், ஆஸ்பத்திரியில் காணாமற்போன ஒரு முதுகெலும்புப் படம்.

படத்துக்கு உரியவர் ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து, வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. விழுவதற்கு முன்பே அவர் முதுகு வளைந்திருந்ததா என்பதற்கு ஒரே சாட்சி, இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த அந்தப் படம். நீதிமன்றம் அதைக் கேட்டு எழுதியதும், கோப்பறையைப் பார்த்துக்கொள்பவர் அலமாரிகளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு எக்ஸ்ரே அறைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, பதிவேட்டுல கடைசியா எடுத்துட்டுப் போனது நீங்கதான். மூணு மாசம் முன்னாடி. எடுத்ததுக்குக் கையெழுத்து இருக்கு. திருப்பிக் குடுத்ததுக்கு இல்ல."

"குடுத்துட்டேனேப்பா."

"நீங்க குடுத்திருப்பீங்க. எனக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியலையே. திங்கக்கிழமை விசாரணையாம். நானும் உங்களோட சேந்து கும்பிடு போட்டு நிக்கணும்."

அவர் படத்தை எடுத்துப் போனது உண்மை. கிளை ஆஸ்பத்திரி மருத்துவர் ஒருவரிடம் காட்டச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை நேரே போய்விடலாமென்று, விதிக்கு விரோதமாக, ஓர் இரவு அதை வீட்டில் வைத்திருந்தார். பையிலிருந்து எடுத்துப் பின்னறை மேசைமேல் வைத்தது நினைவிருந்தது. காலையில் எடுத்துப் போனது நினைவிருந்தது. திரும்பிவந்து கோப்பறையில் கொடுத்தது மட்டும் பனிக்குள் தெரிகிற ஆள்போல வருவதும் மறைவதுமாக இருந்தது. அறிக்கையின் வாசகம் மட்டும் மனப்பாடம்: எட்டாம் முதுகெலும்பிலிருந்து வளைவு, வலப்புறம் புடைப்பு, இருபது டிகிரி.

அன்று மாலை வீடு திரும்பியவரை மனைவி பின்னறைக்குக் கூப்பிட்டாள். முகத்தில் வண்ணம், கையில் துணி, குரலில் துள்ளல்.

"வாங்க வாங்க. எட்டாவது முடிஞ்சுது. இப்போ பாக்கலாம்."

கண்காட்சிக்காக இரண்டு வருடமாக வரைந்த எட்டுப் படங்களில் கடைசிப் படம் சுவரில் சாய்ந்திருந்தது. வெளிறிய நீலச் சாம்பல் பரப்பு. நடுவே மேலிருந்து கீழாக ஒரு தடித்த கரிக்கோடு. அது மேலே நேராக இறங்கி, பாதிக்குச் சற்று மேலே பார்ப்பவரின் இடது கைப்பக்கம் புடைத்து, பிறகு மனமில்லாமல் நடுவுக்குத் திரும்பியது. இடது மேல்மூலையில் ஒரு சிறிய வெளிர்ச் சதுரம்.

எக்ஸ்ரேக்காரர் ஓரடி முன்னால் வந்து உற்றுப் பார்த்தார். படம் எடுப்பவர்கள் நோயாளியை எதிரே நிறுத்திப் பார்ப்பதுபோலத்தான் படத்தையும் பார்ப்பார்கள். பார்ப்பவரின் இடது, நோயாளியின் வலது. அப்படியென்றால் இது வலப்புறப் புடைப்பு. எட்டாவது எலும்பு இருக்கவேண்டிய இடத்திலேயே தொடங்குகிறது. மூலையில் இருக்கும் சதுரம்? பக்கம் காட்டுவதற்காக எக்ஸ்ரேயில் ஈய எழுத்து வைக்கும் இடமல்லவா அது!

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு. இது... யாரு?"

"அதான் சொல்லமாட்டேன்னு தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்ச ஆளா?"

அவள் துணியால் விரல்களைத் துடைத்தாள். தேவைக்கு மேலாகவே துடைத்தாள். "பாத்திருக்கீங்க. தெரியுமான்னு கேட்டா, தெரியாதுன்னுதான் சொல்லணும்."

"எங்க கெடச்சுது உனக்கு?"

"வீட்டுலயே கெடச்சுது," என்று சொல்லிவிட்டுக் குறும்பாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

வேப்பங்காயை ஒருமுறை கடித்தவனுக்குப் பாயசமும் சற்று நேரம் கசக்கத்தான் செய்யும். மூன்று மாதத்துக்கு முன் அவள் வாங்கிய ஒளி ஊடுருவும் தாள்கள் எதற்கு? நகலெடுக்கத்தானே! அந்த இரவு, தாம் உறங்கிய பிறகு பின்னறையில் விளக்கு எரிந்ததே, ஏன்? எரிந்ததா? எரிந்ததாகத்தான் இப்போது தோன்றியது. அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தால், ஏன் இவ்வளவு அன்பு என்று பார்த்தார். கொண்டுவராவிட்டால், ஏன் முகத்தைக் காட்ட மறுக்கிறாள் என்று பார்த்தார். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் நாக்கைக் கட்டிப்போட்டது. ஆமாமென்றால் அவர் வேலை போகும், போகட்டும். நோயாளி ஒருவரின் உடம்பைத் திருடிச் சுவரில் மாட்டியவள் என்ற பெயர் அவளுக்கு வரும். அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

வியாழக்கிழமை அவள் சட்டம் அடிக்கும் கடைக்குப் போனாள். அவர் அரைநாள் விடுப்பில் வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் வளைவை அளக்கப் பயன்படும் கண்ணாடிக் கோணமானியைப் பையிலிருந்து எடுத்தார். சொந்த வீட்டில் திருடனைப்போலக் கதவைத் தாழிட்டுக்கொண்டு படத்தின் முன் மண்டியிட்டார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் கோணம்.

இருபத்திரண்டு.

அறிக்கையில் இருபது. மிச்சம் இரண்டு டிகிரியைக் கரித்துண்டின் தடிமனுக்குத் தள்ளுபடி செய்தார். சந்தேகப்படுகிறவனைப்போலத் தாராளமான கணக்கன் உலகில் கிடையாது.

வெள்ளி மதியம் அவர் எலும்பு டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினார். ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த அந்த அம்மாள்தான் கொத்தனாருக்கு மருத்துவம் பார்த்தவர். விசாரணைக்கும் அவர்தான் தலைமை. எக்ஸ்ரேக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது, தம் குரல் யாரோ மூன்றாம் மனிதனைக் காட்டிக்கொடுப்பதுபோல ஒலித்ததை அவரே கேட்டார்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உங்க சம்சாரத்துக்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"அளந்தீங்க. ஆனா கேக்கல."

அவர் தலைகுனிந்தார்.

"படம் எப்போ வீட்டை விட்டுப் போகுது?"

"நாளைக்குக் காலையில வண்டி வருது."

"அப்போ இன்னைக்குச் சாயங்காலம் நான் வரேன். அதுவரைக்கும் கோணமானியையும் வாயையும் மூடி வையுங்க."

ஐந்தரை மணிக்கு டாக்டரம்மா வந்தார். ஓவியம் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறார் என்று எக்ஸ்ரேக்காரர் சொன்ன பொய்யை நம்பி, மனைவி எட்டுப் படங்களையும் பின்னறைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினாள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எட்டாவதின் முன் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமா? இது முன்னாலேருந்து பாத்ததா, பின்னாலேருந்து பாத்ததா?"

மனைவியின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. "பின்னாலேருந்து, டாக்டரம்மா. எட்டுமே பின்னாலேருந்துதான்."

"நெனச்சேன். நானும் முதுகைப் பின்னாலேருந்துதான் பாப்பேன். கத்தி வைக்கிறவளுக்கு அப்படித்தானே வசதி? எக்ஸ்ரேயைக்கூடத் திருப்பி மாட்டித்தான் பாப்பேன். உங்க வீட்டுக்காரருக்கு அதுல எம்மேல கோபம்கூட உண்டு." எக்ஸ்ரேக்காரர் பக்கம் திரும்பினார். "அப்போ இது இடப்பக்கப் புடைப்பு, தம்பி. கொத்தனாருக்கு வலப்பக்கம். ரெண்டும் வேற வேற முதுகு."

எக்ஸ்ரேக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கிற்று. இறங்கிய வேகத்தில் இன்னொன்று ஏறிக்கொண்டது. ஏனென்றால், மனைவி கேட்டாள்:

"எந்தக் கொத்தனார்?"

டாக்டரம்மாவோ அந்தக் கேள்வி காதில் விழாதவர்போல, படத்தையும் எக்ஸ்ரேக்காரரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பி நில்லுங்க."

"நானா?"

"நீங்கதான். விறைப்பா நிக்காதீங்க. எக்ஸ்ரே தட்டைத் தூக்கிட்டு நடக்குறப்போ எப்படி நிப்பீங்களோ அப்படி."

அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார். பின்னால் இரண்டு பெண்கள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் அதைப் பார்க்க முடியாதவர் அவர் ஒருவர்தான். டாக்டரம்மாவின் விரல் அவர் சட்டையின்மேல் கழுத்திலிருந்து இறங்கி, ஓரிடத்தில் இடப்புறமாக விலகி, மெல்ல நடுவுக்கு வந்தது.

"இருபத்திரண்டு வருஷமா வலது கையில தட்டைத் தூக்கியிருக்கீங்க. வலது தோள் இறங்கிருச்சு. முதுகு இந்தப் பக்கம் ஒதுங்கி எடம் குடுத்திருக்கு. ஊர்ல இருக்குற முதுகையெல்லாம் படம் எடுத்தீங்களே, ஒரு நாளாவது அந்தப் பலகை முன்னாடி நீங்க நின்னீங்களா? தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

அவர் மெதுவாகத் திரும்பினார். மனைவியின் முகத்தில் பிடிபட்டவளின் வெட்கம் இருந்தது. அந்த வெட்கத்தின் அடியிலிருந்து வேறொன்று எழுந்து வந்துகொண்டிருப்பதையும் அவர் கண்டார்.

"அந்தச் சதுரம்?" என்றார், கேட்கத் தெரியாமல்.

"ஜன்னல்," என்றாள். "நீங்க புதிர் போடுறப்போ உங்க தோளுக்கு மேல தெரியுற ஜன்னல்."

டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை வந்தவர், எக்ஸ்ரேக்காரரிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"ஒரு நரி தன் குகை வாசல்ல மணலைப் பரப்பி வெச்சுதாம், திருடன் வந்தா தடம் தெரியட்டும்னு. தெனம் காலையில பாத்தா மணல் பூரா நரித் தடம். 'நம்ம இனத்துக்குள்ளயே துரோகியா'ன்னு காட்டுல இருக்குற நரி ஒவ்வொண்ணோடயும் சண்டை போட்டுதாம். கடைசியில பக்கத்துல ஒரு நரிகூட இல்லாம, நிம்மதியா மணலைப் பாத்தா, அப்பவும் தடம் இருந்துச்சாம். அதுக்கப்புறம் அந்த நரி என்ன பண்ணுச்சுன்னு கதை சொன்ன ஆளு சொல்லல. நீங்க உள்ள போய்க் கண்டுபிடிங்க."

அவர் உள்ளே போனார். மனைவி படங்களை ஒவ்வொன்றாகச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கொத்தனார்?" என்றாள் மறுபடியும்.

இம்முறை சொல்லிவிட்டார். பதிவேட்டையும், விசாரணையையும், கதவைத் தாழிட்டு அளந்ததையும்.

"நாலு நாளா என்னைத் திருடின்னு நெனச்சுக்கிட்டே என் கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கீங்க."

"திருடின்னு நெனைக்கல. தெரியாம பண்ணிட்டியோன்னு..."

"வெளியாள்கிட்டப் போய்ச் சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்டக் கேக்கத் தெரியல."

அவருக்குச் சுருக்கென்றது. தவறு தம்முடையதென்று தெரிந்தாலும், அகப்பட்ட ஒரு துரும்பைப் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் கேட்டியா? ரெண்டு வருஷம் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் முதுகை எடுத்திருக்க. ஆஸ்பத்திரியில நாங்க ஒரு விரலைப் படம் எடுக்கக்கூடக் கையெழுத்து வாங்குறோம்."

அவள் கடைசிப் படத்தைப் பிடித்தபடி நின்றாள். இந்த அடி அவளுக்கு விழுந்துவிட்டது என்பது தெரிந்தது.

"சரிதான். கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருப்பேன்."

"குடுத்திருப்பீங்க. நெஞ்சை நிமித்திக்கிட்டு, கல்யாணப் போட்டோவுக்கு நிக்குற மாதிரி குடுத்திருப்பீங்க. அந்த முதுகு எனக்கு எதுக்கு? யாரும் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, அதுதான் வேணும். அதைக் கேட்டு வாங்க முடியாது." குரல் சற்று இறங்கிற்று. "இன்னும் நாலு வரையணும்னு இருந்தேன். இனிமே முடியாது. இனிமே அந்த மேசையில உக்காந்தா நீங்க முதுகோட உக்கார மாட்டீங்க, காவலோட உக்காருவீங்க."

அவர் மறுக்க வாயெடுத்தார். அந்தக் கணமே தம் தோள்கள் தாமாக நேராகியிருப்பதை உணர்ந்து, வாயை மூடிக்கொண்டார்.

"நாளைக்கு வண்டி வரும்," என்றாள். "உங்க முதுகு. அனுப்பட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க."

மறுநாள் காலையில் வண்டி வந்து நின்றபோது, எட்டாவது படத்தைத் தாமே தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார். எந்தக் கையில் தூக்குகிறோம் என்று பாதி வழியில் பார்த்து, கையை மாற்றிக்கொண்டார். மாடிப்படியில் நின்ற மனைவி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

திங்களன்று விசாரணை தொடங்குமுன்பே கொத்தனாரின் படம் கிடைத்துவிட்டது. கிளை ஆஸ்பத்திரி மருத்துவர் அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, வெறும் உறையைத்தான் இவர் பையில் போட்டு அனுப்பியிருக்கிறார். திறந்துபார்க்காமல் உறையைக் கோப்பறைக்குப் பதிலாக எக்ஸ்ரே அறை அலமாரியிலேயே செருகியவர் எக்ஸ்ரேக்காரர்தான். கோப்பறைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா அண்ணே, யாரும் எடுக்கல!" வழக்கமாக இதற்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். படத்துக்கு நேர்ந்தது தெரிந்துவிட்டது; வீட்டில் நேர்ந்ததற்குத்தான் பதிவேடு இல்லை.

கண்காட்சியின் கடைசி நாள் பிற்பகலில் அவர் போனார். கூடத்துக்குள் நுழைந்ததும், ஏனென்று யோசிக்காமலே சுவரோரம் போய், சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார். எட்டுப் படங்களுக்கும் எதிர்ச்சுவர் அது. வந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் துழாவினார். இவருக்குத் தெரிந்திருக்குமோ? அதோ, படத்தைப் பார்த்துவிட்டு ஏன் என்னைப் பார்க்கிறான்? ஒருவர் ஆறு என்றார். இன்னொருவர், காற்றில் சாய்ந்த மரம் என்றார். அலுவலகத்திலிருந்து நேரே வந்ததுபோலிருந்த ஒரு பெண் எதுவும் சொல்லவில்லை. எட்டாவது படத்தின் முன் நெடுநேரம் நின்றாள். பிறகு, தான் செய்வது தனக்கே தெரியாமல், வலது தோளில் தொங்கிய கனத்த பையைக் கழற்றி இடது தோளில் மாட்டிக்கொண்டு நகர்ந்தாள்.

எக்ஸ்ரேக்காரர் அந்தப் பெண் வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தன்னைத்தான் கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு மற்ற முகங்களைத் துழாவ அவருக்குத் தோன்றவில்லை.

ஆறு மணிக்குக் கூடத்தைப் பூட்டினார்கள். வெயில் இன்னும் தெருவில் மிச்சமிருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு ஒற்றையடி அகலத்தில் ஒரு நடைபாதை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வாகனங்கள். இருவர் சேர்ந்து நடக்க முடியாது.

"நீ போ, நான் பின்னால வரேன்," என்றார்.

மனைவி நகரவில்லை. கையிலிருந்த விருந்தினர் குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நம்பிக்கையும் இன்னும் முழுதாக வந்திருக்கவில்லை. கேள்வி ஒன்று மட்டும் இருந்தது.

அவர் முன்னால் நடந்தார்.

முதல் பத்தடி முதுகு முழுவதும் கண்கள் முளைத்ததுபோலிருந்தது. தோளைத் தூக்கிப் பிடித்தார், கழுத்தை நேராக்கினார். பின்னால் அவளுடைய செருப்புச் சத்தம் ஒரே சீராக வந்தது, நெருங்கவுமில்லை, பின்தங்கவுமில்லை. மதிலின் பாதி தாண்டியபோது தோள் வலித்தது. சற்று நேரம் பிடிவாதம் பிடித்தார். பிறகு, போகட்டும் என்று விட்டுவிட்டார். வலது தோள் தன் பழைய இடத்துக்கு மெல்ல இறங்கிற்று.

பின்னால் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.